வில்லியனூர், பாகூர் வட்டாரங்களில் இளையோரின் கோடை வாசிப்பு

புதுச்சேரி நகருக்கு மேற்கே விழுப்புரம் சாலையில் வில்லியனூரும், தெற்கே தென்பெண்ணையை ஒட்டிய சமவெளியில் பாகூரும் நெல் விளையும் ஊர்கள். ஒன்றின் பக்கத்தில் ஊசுட்டேரி, மற்றொன்றுக்குப் பாகூர் ஏரி. ஆழ்துளைக் கிணறுகள் வருவதற்கு முன் இந்த ஏரிகளை நம்பியே பயிர் வைத்தார்கள். தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்து களம் ஒழிந்துவிட்டால் வயலில் ஆள் வேலை குறைந்துவிடும். பங்குனியும் சித்திரையும் ஓய்ந்த மாதங்கள். கோயில் திருவிழா, கல்யாணம், கூத்து, கதை கேட்பது எல்லாம் அப்போதுதான். பள்ளிக்கூடங்கள் கோடை விடுமுறை விடத் தொடங்குவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குக் கதைக்கென்று ஒரு பருவம் இருந்தது. அந்தக் கதைகளில் பெரும்பகுதி கண்ணால் படித்தவை அல்ல, காதால் கேட்டவை.

பாகூரின் கல்வி வரலாற்றுக்குக் கிடைத்த முதல் பெரிய ஆவணம் பாகூர்ச் செப்பேடு. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில், 9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பாகூரில் இருந்த வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்கள் தானமாக அளிக்கப்பட்டதை வடமொழியிலும் தமிழிலும் இது பதிவு செய்கிறது. சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி என்பவை அந்த ஊர்கள். அவற்றின் வருவாயில் ஆசிரியரும் மாணவரும் உண்டு தங்கிப் படித்தார்கள். வேதம், வேதாங்கம், மீமாம்சை, நியாயம், தரும சாத்திரம், புராணம் என்று பதினான்காகக் கணக்கிடப்பட்ட வித்தைகள் அங்கே பாடம். இன்றைய சொல்லில் உண்டு உறைவிடக் கல்லூரி. ஆனால் அது அந்தணப் பிள்ளைகளுக்கானது. ஏரிக்கரையில் மாடு மேய்த்த பையனுக்கு அதன் வாசலில்கூட இடமிருந்திருக்காது. செப்பேடு 19ஆம் நூற்றாண்டில் பாகூரில் கண்டெடுக்கப்பட்டு, பிரெஞ்சு ஆட்சியில் பாரீசுக்குப் போய்த் தேசிய நூலகத்தில் சேர்ந்தது. ஊரின் முதல் கல்விச் சாலையைப் பற்றிய மூலப் பத்திரத்தைப் பார்க்க வேண்டுமானால் பாகூர்க்காரர் கடல் கடக்க வேண்டும்.

வில்லியனூரின் பங்கு தலபுராணம். திருக்காமீசுவரர் கோயிலைப் பாடும் ‘வில்லைப் புராண’த்தை வீரராகவ கவி இயற்றினார், உ.வே. சாமிநாதையர் 1940இல் அதைப் பதிப்பித்தார். தலபுராணங்கள் புலவரிடம் பாடம் கேட்டவர்களுக்கே எட்டின. ஊர்ப் பொதுமக்களுக்கு எட்டிய பெருநூல் வேறு. அது பாரதம்.

தென்னார்க்காட்டிலும் அதனோடு பின்னிக் கிடக்கும் புதுவைக் கிராமங்களிலும் திரௌபதி அம்மன் கோயில்கள் நிறைய. பங்குனியில் தொடங்கி வைகாசி, ஆனி வரை ஊருக்கு ஊர் முறை வைத்தாற்போல் திருவிழா நடக்கும். கொடியேறியதும் கோயில் முன் பந்தலில் பாரதம் படிக்கத் தொடங்குவார்கள். பத்து நாளில் முடிக்கும் ஊர் உண்டு, பதினெட்டு நாள் இழுக்கும் ஊரும் உண்டு. பிற்பகல் வெயில் சாயும் நேரம் பிரசங்கியார் வில்லிபுத்தூராரின் விருத்தம் ஒன்றை இராகத்தோடு பாடுவார். பின்பாட்டுக்காரர் வாங்கிப் பாடுவார். பிறகு பேச்சுத் தமிழில் பொருள் விரியும். ஊர் நியாயம், கிண்டல், கிளைக்கதை எல்லாம் நடுவில் புகும். வில்லிபுத்தூரார் பிறந்த சனியூர் திருமுனைப்பாடி நாட்டில் இருந்தது. அவர் இந்த மண்ணின் புலவர் என்றே சொல்லலாம். பதினெட்டாம் போரோடு அவர் நூல் முடிவதால் திருவிழாவும் அங்கேயே முடிகிறது. அவர் சுருக்கிச் சொன்ன இடங்களுக்குச் செஞ்சிப் பக்கத்து நல்லாப்பிள்ளையின் பாரதம் கைகொடுத்தது.

பகலில் கேட்ட பருவத்தை இரவில் தெருக்கூத்தாகப் பார்ப்பார்கள். வில் வளைப்பு, சுபத்திரை திருமணம், பகடை துகில், அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அரவான் களப்பலி, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம் என்று வரிசை போகும். தபசு நாளில் நடிகர் உயர்ந்த மரத்தில் பாடிக்கொண்டே ஏறுவார். கடைசி நாள் காலை மண்ணால் செய்த துரியோதனன் உருவத்தின்மேல் படுகளம் நடக்கும். திரௌபதி கூந்தல் முடிப்பாள். மாலையில் தீமிதி. பதினைந்து வயதில் இதைத் தொடர்ந்து இரண்டு கோடைகள் கேட்ட பிள்ளை, எழுத்துக் கூட்டத் தெரியாவிட்டாலும், ஒரு காப்பியத்தின் கட்டுக்கோப்பை அறிந்திருந்தான். முன்கதையை எங்கே சொல்வது, சபதத்தை எவ்வளவு தூரம் தள்ளிக் கொண்டுபோய் நிறைவேற்றுவது, எதிரிக்கும் நியாயம் வைப்பது எப்படி என்பதெல்லாம் அவனுக்குப் பழக்கம். பாரதி தன் புதுச்சேரி வாழ்வில் ‘பாஞ்சாலி சபத’த்தை எழுதி முதற்பாகத்தை 1912இல் வெளியிட்டபோது, சுற்றுப்புறக் கிராமங்களில் அந்தக் கதை ஆண்டுதோறும் இரவெல்லாம் ஆடப்பட்டுக்கொண்டிருந்தது. படித்தவரின் காவியமும் படிக்காதவரின் கூத்தும் ஒரே கோடையில் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. ஒரு குறையையும் சொல்ல வேண்டும். கோயில் முன் பந்தல் எல்லோருக்கும் ஒரே இடமாக இருக்கவில்லை. பல ஊர்களில் சேரிப் பிள்ளைகள் தள்ளி நின்றே கேட்டார்கள்.

திண்ணைப் பள்ளிகள் எழுத்தைக் கற்றுக்கொடுத்தன. ஆத்திசூடி, கொன்றைவேந்தன், எண்சுவடி, நிகண்டு என்று மனப்பாடமே அங்கே முறை. கற்ற எழுத்தைக் கொண்டு மனம்போல் படிக்க ஏடு கிடைப்பது அரிது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அச்சு மலிந்த பிறகுதான் அந்த நிலை மாறியது. சென்னையில் அச்சாகித் திருவிழாக் கடைகளில் விற்ற ‘பெரிய எழுத்து’ப் புத்தகங்கள் கிராமத்து இளையோரின் முதல் சொந்தப் புத்தகங்கள். நல்லதங்காள் கதை, அல்லி அரசாணி மாலை, புலந்திரன் களவு, விக்கிரமாதித்தன் கதை, மதனகாமராஜன் கதை, கூத்து நாடகப் புத்தகங்கள் என்று அவை வந்தன. மட்டமான தாள், கொட்டை எழுத்து, மரக்கட்டைப் படம். எண்ணெய் விளக்கில் மங்கலாகத் தெரியும் வரியையும் எழுத்துக் கூட்டிப் படிக்க அந்தக் கொட்டை எழுத்து உதவியது. புலவர்கள் அவற்றை மதிக்கவில்லை. ஆனால் வீட்டில் ஒருவன் படிக்க மற்றவர்கள் கேட்கும் பழக்கத்தை ஊரெங்கும் பரப்பியவை இந்தப் புத்தகங்கள்தாம். சோகம், மாயம், காதல், தந்திரம் என்று இன்றைய பதிப்பகங்கள் வகை பிரிப்பவை எல்லாம் அன்றே அந்தக் கடைப்பலகையில் இருந்தன.

18ஆம் நூற்றாண்டின் நடுவில் வில்லியனூரும் பாகூரும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தன. 1752இல் பாகூர்ச் சமவெளியிலேயே ஆங்கிலப் படைக்கும் பிரெஞ்சுப் படைக்கும் போர் நடந்து பிரெஞ்சுக்காரர் தோற்றார்கள். பின்னர் கைமாறி மாறி, கடைசியில் பிரெஞ்சு ஆட்சி நிலைத்தது. நகரில் 1826இல் அரசுக் கல்லூரியும் 1827இல் பொது நூலகமும் தோன்றின. பின்னாளில் ரோமன் ரோலண்ட் பெயர் பெற்ற நூலகம் அதுதான். 1880இல் கொம்யூன்கள் ஏற்பட்டு வில்லியனூரும் பாகூரும் தனித்தனி நகரசபை பெற்றன. இருந்தும் நூலகம் நகரின் வெள்ளையர் பகுதியிலேயே நின்றது. கிராமத்துப் பள்ளி மாணவனுக்குப் பிரெஞ்சு பாட மொழி, தமிழ் வீட்டு மொழி. இரண்டிலும் பாடப்புத்தகத்தைத் தாண்டிப் படிக்க வழி குறைவு. பிரான்சின் ஆறுகளை ஒப்பித்த பிள்ளைக்குத் தன் ஊர் ஆற்றைப் பற்றி ஒரு வரி பாடம் இல்லை.

அந்த வெறுமையை நிரப்பியவர்கள் பள்ளி ஆசிரியர்களே. 1891இல் பிறந்த கனகசுப்புரத்தினம் 1909இல் காரைக்கால் பகுதியின் நிரவியில் தமிழாசிரியராகச் சேர்ந்து, ஊர் ஊராக மாற்றப்பட்டு, 1946இல் ஓய்வு பெற்றார். பாரதிதாசன் என்று நாடு அறிந்த அவர், புத்தகசாலை பற்றியே ஒரு பாட்டு எழுதியிருக்கிறார். நாலைந்து தெருவுக்கு ஒரு வீடு வேண்டும், அங்கே நூல்களை முறைப்படுத்தி வைக்க வேண்டும், எந்த மூலையில் எந்தச் சிறு நூல் புதிதாக வந்தாலும் கொண்டுவந்து சேர்க்க வேண்டும் என்பது அதில் அவர் சொல்லும் திட்டம். கவிஞரின் கனவு என்பதைவிட, கிராமப் பள்ளிகளில் புத்தகப் பஞ்சத்தைக் கண்ட வாத்தியாரின் கோரிக்கை என்று அதைப் படிப்பதே பொருத்தம். இயற்கையைப் பாடும் ‘அழகின் சிரிப்பு’ம், பிற்காலத்தில் எழுதிய ‘இளைஞர் இலக்கிய’மும் அவர் இளையோருக்கு விட்டுச் சென்றவை.

இந்த இரண்டு கொம்யூன்களுக்கும் சொந்தமான கவிஞர் அவருடைய மாணவர் வாணிதாசன். 1915 ஜூலை 22இல் வில்லியனூரில் பிறந்தவர். இயற்பெயர் அரங்கசாமி, எத்திராசலு என்றும் அழைப்பார்கள். பாகூரை அடுத்த சேலியமேட்டில் வாழ்ந்து, தமிழாசிரியராகப் பணியாற்றி, 1974இல் மறைந்தார். தமிழ், தெலுங்கு, ஆங்கிலம், பிரெஞ்சு நான்கும் அறிந்தவர். பிரெஞ்சு அரசின் செவாலியர் விருது பெற்றவர். வேர்ட்ஸ்வொர்த்தோடு அவரை ஒப்பிடுவது வழக்கமாகிவிட்டது. அது அவருக்கு அவ்வளவாக நியாயம் செய்யாத ஒப்பீடு. அவர் பாடிய ஓடையும் வயலும் பொழுதுபோக்காகப் பார்க்க வந்தவரின் காட்சிகள் ஆகா. நடவும் களையும் அறுப்பும் எந்த மாதம் என்று தெரிந்தவரின் பாட்டு அது. ‘தமிழச்சி’ கிராமத்துச் சாதிக் கட்டையும் மூடப் பழக்கத்தையும் எதிர்க்கும் பெண்ணைப் பற்றிய காப்பியம். ‘கொடிமுல்லை’ மாமல்லபுரச் சிற்பியின் காதல் கதை. ‘தொடுவானம்’ பல பொருள் பற்றிய பாட்டுகளின் தொகுதி. அதிலுள்ள ‘ஓடை’ தமிழ்நாட்டின் எட்டாம் வகுப்புப் பாடநூலில் இடம்பெற்றது. குழந்தைகளுக்கென்றும் அவர் தனியே எழுதினார். நெடுங்கதை வேண்டும் இளையவருக்கு இரண்டு காப்பியங்கள், பாட்டு வேண்டுவோருக்குத் தொகுதிகள் என்று ஒரு கோடைக்குப் போதுமான நூல்களைப் பாகூர் வயற்காட்டிலிருந்தே அவர் எழுதிவிட்டார்.

1954 அக்டோபர் 18இல் வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் கூடி வாக்களித்தனர். 170 பேர் இந்தியாவோடு இணைவதை ஆதரித்தனர். நவம்பர் 1 முதல் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்டு 16இல் முழுமை பெற்றது. பள்ளிகள் பெருகி, தமிழ்நாட்டுப் பாடத்திட்டம் வந்து, அதோடு நீண்ட கோடை விடுமுறையும் வந்தது. படிக்க நேரம் கிடைத்துவிட்டது. புத்தகம் எங்கிருந்து வரும் என்பதுதான் கேள்வி.

இங்கே எல்லைக்கோடு விளையாடியது. சென்னை மாகாணம் 1948இலேயே பொது நூலகச் சட்டம் இயற்றி, வீட்டு வரியோடு நூலக வரி வாங்கி, ஊர்ப்புறங்களில் கிளை நூலகங்கள் திறந்தது. அதற்கும் முன்னால், 1931இல், மன்னார்குடி வட்டாரத்தில் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிக்கொண்டு ஒரு நூலகம் கிராமங்களைச் சுற்றியது. பாகூரைச் சூழ்ந்து கிடக்கும் கடலூர்ப் பக்கத்து ஊர்கள் அந்தச் சட்டத்துக்குள் வந்தன. வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் இருந்த புதுவை ஊர்கள் வரவில்லை. இணைப்புக்குப் பிறகு புதுவை அரசு வரி வழியில் செல்லாமல், தன் துறை ஒன்றின் நேரடிப் பொறுப்பில் கிளை நூலகங்களைக் கிராமங்களில் அமைத்தது. நகர நூலகத்தின் நடமாடும் வண்டியும் கிராமங்களுக்குப் போனது. ஆயினும் பிள்ளைகள் கையில் புழங்கிய புத்தகங்களில் பெரும்பகுதி வாரப் பத்திரிகையிலிருந்து வந்தவை. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை தொடராக வந்தது. வாரந்தோறும் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, தைத்து, அட்டை போட்டு வைப்பது தமிழ் வீடுகளின் வழக்கம். அந்தக் கட்டு உறவுக்காரர் வீடுகளைச் சுற்றி வரும். கோடையில் அத்தை வீட்டுக்குப் போன பெண் பிள்ளை ஐந்து பாகத்தையும் முடித்துவிட்டுத்தான் திரும்புவாள்.

பையன்களின் கதை வேறு. 1947இல் தொடங்கிய ‘அம்புலிமாமா’வும் தமிழ்வாணனின் சங்கர்லால் கதைகளும் முதலில் வந்தன. 1972இல் சிவகாசியின் முத்து காமிக்ஸ் ‘இரும்புக்கை மாயாவி’யோடு இறங்கியது. 1984இல் லயன், ராணி இரண்டு காமிக்ஸும் தொடங்கின. பிரிட்டிஷ் படக்கதைகளின் துப்பறிவாளர்கள் சிவகாசித் தமிழில் பேசினார்கள். பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கி, வாடகைக்கு விட்டு, மாற்றிக்கொண்டு படித்தார்கள். பள்ளியும் வீடும் இதை வாசிப்பாக ஏற்கவில்லை. கணக்கு நோட்டுக்குள் வைத்துப் படித்த இந்தப் படக்கதைகள், வேகமாகப் படிக்கும் பழக்கத்தைத் தந்ததில் எந்தப் பாடநூலுக்கும் குறைந்தவை அல்ல.

அறிவியல் வாசிப்பு தாமதமாக வந்தாலும் இந்த வட்டாரத்தில் ஆழமாக ஊன்றியது. ஆலைத் தொழிலாளர் இயக்கம் வலுவாக இருந்த புதுவையில் இடதுசாரிகளின் புத்தக விற்பனையும் கூடவே நடந்தது. மாஸ்கோவில் அச்சான தமிழ் நூல்கள், நல்ல தாளும் வண்ணப் படமுமாக, கிராமத்து மாணவன் வாங்கக்கூடிய விலையில் கிடைத்தன. பெரல்மானின் ‘பொழுதுபோக்கு பௌதிகம்’, ஐத்மாத்தவின் ‘முதல் ஆசிரியர்’, ‘ஜமீலா’, பொலெவோயின் ‘உண்மை மனிதனின் கதை’ ஆகியவை அப்படி வந்தவை. கிர்கீசிய மேய்ச்சல் நிலத்து வாத்தியாரின் கதையைப் படிக்க இந்த வட்டாரத்து ஏம்பலம் என்ற ஊரின் பிள்ளைக்கு அடிக்குறிப்புத் தேவைப்படவில்லை. 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்ததும் அந்த வரத்து நின்றது.

அதற்குள் உள்ளூரிலேயே ஒரு மாற்று உருவாகியிருந்தது. புதுவை அறிவியல் இயக்கமும் தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் சேர்ந்து 1987இல் சிறுவர் அறிவியல் மாத இதழாகத் ‘துளி’ரைத் தொடங்கின. 1990ஐ ஒட்டி அறிவொளி இயக்கம் புதுவைக் கிராமங்களில் மாலை வகுப்புகள் நடத்தியது. அம்மாக்களுக்கும் பாட்டிகளுக்கும் எழுத்தறிவித்தவர்களில் பலர் உயர்நிலைப் பள்ளி மாணவர்களும் கல்லூரி இளைஞர்களும். கலைக்குழுக்கள் தெருமுனையில் பாடி நாடகம் போட்டு ஆள் சேர்த்தன. ஊர் கூடி உட்கார்ந்து கேட்கும் பழக்கம் பாரதப் பந்தலால் ஏற்கெனவே பதிந்திருந்தது. அறிவொளிக்காரர்கள் அதன்மேல்தான் கட்டினார்கள். ஒரு மாற்றம் மட்டும் பெரியது. இந்த வட்டத்தில் நடுவில் உட்கார்ந்து படித்துக் காட்டியது பெரும்பாலும் பதினேழு, பதினெட்டு வயதுப் பெண் பிள்ளை. சேரி, ஊர் என்ற பிரிவை மறுத்தே அந்த வகுப்புகள் நடந்தன.

1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாகக் கொண்டு கிராம அறிவு மையங்களை அமைத்தது. ஏம்பலம், கீழூர், வீராம்பட்டினம், பூரணாங்குப்பம் முதலிய ஊர்கள் வில்லியனூரோடு கம்பியில்லாத் தொடர்பில் இணைந்தன. ஏம்பலத்தில் கோயில் இடத்திலேயே மையம் இயங்கியது. நடத்தியவர்கள் உள்ளூர்ப் பெண்கள். நெல் விலை, கடலின் அலை உயரம், அரசுத் திட்டம், தேர்வு முடிவு எல்லாம் கணினியில் வந்தன. வில்லியனூரிலிருந்து ‘நம்ம ஊர் செய்தி’ என்ற இதழும் வெளிவந்தது. கைபேசி பரவுவதற்கு முன்னால் இங்குள்ள மாணவர்கள் திரையில் தமிழ் படித்தது இந்த மையங்களில்தான். தேர்வு முடிவைப் பார்க்க வந்த பிள்ளை, செய்தி இதழைப் புரட்டிவிட்டுப் போவது அங்கே சாதாரணம்.

இதே ஆண்டுகளில் புதுவையின் கதைகள் நூலாகிப் பெருகின. கரிசல் காட்டின் கி. ராஜநாராயணன் புதுவைப் பல்கலைக்கழகத்துக்கு வருகைதரு பேராசிரியராக வந்து, 2021இல் மறையும்வரை புதுச்சேரியிலேயே தங்கிவிட்டார். இந்த வட்டாரத்து நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்தார். பறவைகளின் பின்னால் சுற்றும் சிறுவனைப் பற்றிய அவருடைய ‘பிஞ்சுகள்’ கோடை வாசிப்புக்கென்றே எழுதியதுபோல் இருக்கும் குறுநாவல். பிரபஞ்சன் 18ஆம் நூற்றாண்டுப் புதுச்சேரியை ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பிலிருந்து மீட்டு ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ என்ற இரண்டு நாவல்களாக எழுதினார். இரண்டாவது நூல் 1995இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. கல்கியின் சோழர் கதையை முடித்த பதினாறு வயதினர் அடுத்து எடுக்க வேண்டியது இவற்றைத்தான். அரசர்களை விட்டு, துபாஷிகளும் தாசிகளும் சிப்பாய்களும் உழவர்களும் வாழ்ந்த வரலாறு இவற்றில் இருக்கிறது. தம் ஊர்களின் மேல் நடந்த போர்களின் காலத்தை இளையோர் முதன்முதலாகக் கதையாகப் படிப்பதும் இவற்றில்தான்.

பதின்வயதினருக்கென்று தனியே எழுதுவது தமிழில் அண்மைக்கால வழக்கம். அதற்கு முன் குழந்தைக் கதையிலிருந்து நேரே பெரியவர் நாவலுக்குத் தாவ வேண்டியிருந்தது. அந்த இடைவெளியில் முதலில் கால் வைத்தவற்றுள் இரா. நடராசனின் ‘ஆயிஷா’ ஒன்று. கேள்வி கேட்கும் மாணவியைப் பள்ளி எப்படி ஒடுக்குகிறது என்று சொல்லும் அந்தச் சிறு நூல் அறிவியல் இயக்க மேடைகள் வழியே கிராமங்களுக்குள் போனது. உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ கீழடியைச் சுற்றிய இளையோர் நாவல். 2023இல் பால சாகித்திய விருது பெற்றது. விஷ்ணுபுரம் சரவணனின் ‘ஒற்றைச் சிறகு ஓவியா’வுக்கு 2025இல் அதே விருது கிடைத்தது. பாரதிதாசன், வாணிதாசன் நூல்கள் நாட்டுடைமையாகிவிட்டதால் இணையத்தில் கட்டணமின்றிப் படிக்கலாம்.

நூல் கிடைப்பது எளிதாகிவிட்ட அதே நேரத்தில் பருவம் இடம் மாறியிருக்கிறது. ஆழ்துளைக் கிணற்றுப் பாசனத்தால் பாகூரில் கோடையிலும் நெல் நிற்கிறது. பழைய ஓய்வு மாதங்கள் வேலை மாதங்களாகிவிட்டன. 2024-25 கல்வியாண்டு முதல் புதுவை அரசுப் பள்ளிகள் முழுவதும் மத்திய இடைநிலைக் கல்வி வாரியப் பாடத்திட்டத்துக்கு மாறின. புதிய வகுப்பு ஏப்ரலிலேயே தொடங்கி, விடுமுறை மே மாதத்தோடு ஒடுங்குகிறது. திரௌபதி அம்மன் கோயில்களில் பங்குனியிலும் சித்திரைத் தொடக்கத்திலும் கொடியேறும் ஊர்களில் பாரதம் படிக்கும் பிற்பகலில் பிள்ளைகள் வகுப்பில் இருக்கிறார்கள். சித்திரைக் கடைசியிலும் வைகாசித் தொடக்கத்திலும் கொடியேறும் ஊர்களில் மட்டுமே விடுமுறையும் பிரசங்கமும் இன்னும் சேர்ந்து வருகின்றன.